அத்தியாயம் 3: எட்டு பாரைத் தாண்டுவது

"எலக்ட்ரானிக் மியூசிக் ஆர்ட்டிஸ்ட் ஆகணும்" என்று டைரியில் எழுதி வைத்திருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். குறைந்தது ஐந்து வேலைகள் அந்த ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. கன்சோலுக்குப் பின்னால் நின்று மூன்று மணி நேரம் ஒரு கூட்டத்தை ஆடவைப்பவர் டிஜே. கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு ஸ்நேர் ஒலிக்காக ராத்திரியைத் தொலைப்பவர் புரொட்யூசர். மேடையில் சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்து அங்கேயே இசையைக் கட்டுகிறவர்கள் தனி ரகம். வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஸ்டுடியோக்களில் இசையமைப்பாளர்களுக்கு புரோகிராமிங் செய்து கொடுப்பவர்கள் இன்னொரு ரகம். விளம்பரத்துக்கும் வீடியோ கேமுக்கும் ஒலி வடிவமைப்பவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

இவை ஒன்றுக்கொன்று உறவுள்ள வேலைகள்தான். ஆனால் முதல் இரண்டு வருஷம் செய்ய வேண்டிய உழைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. டிஜே ஆக விரும்புகிறவருக்கு பாட்டு சேகரிப்பே பாதி வேலை. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் பேஸ் நுழைகிறது, எந்தப் பாட்டுக்குப் பின் எது போட்டால் தளம் காலியாகாது என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். அவர் கம்ப்ரஸர் பற்றிய யூடியூப் வீடியோக்களில் ஆறு மாதம் ஓட்டினால் அது வீண். சினிமா புரோகிராமிங்குக்குப் போகிறவருக்கு வேகம்தான் மூலதனம். காலையில் சொன்ன மாற்றம் மாலைக்குள் தயாராக வேண்டும், ஸ்டெம்கள் ஒழுங்காகப் பெயரிட்டுப் பிரித்திருக்க வேண்டும், அடுத்தவர் ரசனைக்கு வாசிக்கக் கூச்சம் இருக்கக் கூடாது. தன் பெயரில் ஆல்பம் போட நினைப்பவருக்கு இந்த மூன்றும் இரண்டாம் பட்சம். தனக்கென்று ஒரு ஒலி வேண்டும், அதற்கு நிறையப் பாட்டை முடித்துப் பார்க்க வேண்டும்.

எனவே முதல் வரியில் இலக்கை எழுதாதீர்கள், வேலையின் பெயரை எழுதுங்கள். இரண்டு பெயர் வந்தால் பரவாயில்லை. ஒன்றின் கீழே 'இந்த வருஷம்' என்றும் மற்றதன் கீழே 'அப்புறம்' என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பெயர் வந்தால் இன்னும் நீங்கள் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம்.

ஒன்றில் சம்பாதித்து இன்னொன்றில் தன் மனசுக்கானதைச் செய்வது நம் ஊர் இசையில் புதிதல்ல. ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்து வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினார். 'ரோஜா' வெளிவந்தது 1992-ல். அதற்கு முன்னால் பல வருஷம் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பர ஜிங்கிள்கள் செய்தார். ஜிங்கிள் என்பது முப்பது விநாடிக்குள் முடித்தே தீர வேண்டிய இசை. அந்தப் பயிற்சியின் அருமை இந்த அத்தியாயத்தின் அடுத்த பகுதியைப் படித்தால் புரியும்.

பதினைந்தரை விநாடிச் சிறை

உங்கள் லேப்டாப்பைத் திறந்து புராஜெக்ட் ஃபோல்டரைப் பாருங்கள். 'நியூ ஐடியா', 'நியூ ஐடியா 2', 'பேஸ் டெஸ்ட் ஃபைனல்', 'பேஸ் டெஸ்ட் ஃபைனல் ஃபைனல்'. எதைத் திறந்தாலும் எட்டு பார் இருக்கும். கிக், கிளாப், ஹை-ஹாட், ஒரு பேஸ்லைன், மேலே ஒரு பேட். கேட்க நன்றாகவே இருக்கும். அதுதான் சிக்கலே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹவுஸ் இசைக்குப் பழக்கமான 124 பிபிஎம் வேகத்தில் எட்டு பார் என்பது 32 அடி, அதாவது பதினைந்தரை விநாடி. அதே வேகத்தில் ஆறு நிமிடப் பாட்டுக்கு 186 பார் வேண்டும். கையிலிருக்கும் லூப்பை இருபத்து மூன்று முறை ஒட்டினாலும் நீளம் போதாது, ஒட்டினால் அது பாட்டும் ஆகாது. மீதி 178 பாரில் என்ன நடக்கிறது என்பதுதான் இசையமைப்பு. அதைச் செய்யத் தெரியாததால் லூப்புக்குள்ளேயே இன்னொரு ஹை-ஹாட், இன்னொரு ஷேக்கர், பேஸுக்கு இன்னொரு டிஸ்டார்ஷன் என்று செக்குமாடு மாதிரி சுற்றி வருகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் காது கொஞ்சம் மரத்துப்போகிறது. கடைசியில் சலித்து, 'நியூ ஐடியா 3' தொடங்குகிறோம்.

தொடங்குகிற நிலையில் இருப்பவருக்கு உருப்படியான இலக்கு, என் அபிப்பிராயத்தில், ஒன்றே ஒன்றுதான்: மூன்று மாதத்தில் நான்கு பாட்டை முடிப்பது. நல்ல பாட்டு என்று சொல்லவில்லை, முடித்த பாட்டு. நன்றாக இருக்கிறதா என்பதை நீங்கள் முழுமையாகத் தீர்மானிக்க முடியாது. முடிந்ததா என்பதைத் தீர்மானிக்க முடியும்.

'முடிந்தது' என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் ஏமாற்றிவிடும். நான் பரிந்துரைக்கும் வரையறை இது: தொடக்கமும் முடிவும் உள்ள முழு நீளம், 24-பிட் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, பெயரும் தேதியும் போட்டாயிற்று, ஹெட்ஃபோனில் ஒருமுறை, போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, முடிந்தால் யாருடைய காரிலாவது ஒருமுறை கேட்டாயிற்று, அந்தக் குறைகளைத் திருத்த ஒரே ஒரு மாலை எடுத்துக்கொண்டாயிற்று. அதற்குப் பிறகு அந்த புராஜெக்ட் ஃபைலைத் திறக்கக் கூடாது. கண்டிப்பாக ஆசை வரும். அந்த ஆசையை அடுத்த பாட்டின் மேல் காட்டுங்கள்.

நீளமாக்குவதற்குக் கைகண்ட வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த, உங்கள் லூப்புக்கு நெருக்கமான வேகமுள்ள ஒரு பாட்டை ஏபிள்டன் லைவிலோ எஃப்எல் ஸ்டுடியோவிலோ ஒரு டிராக்கில் போடுங்கள். வேகத்தை ஒத்திசைத்து, கிக் எங்கே நுழைகிறது, பேஸ் எங்கே, எங்கே எல்லாம் அடங்கி வெறும் பேட் மட்டும் நிற்கிறது, எங்கே திரும்ப விழுகிறது என்று குறி வையுங்கள். நடன இசையில் பெரும்பாலும் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களில் இந்தத் திருப்பங்கள் வரும். பிறகு உங்கள் எட்டு பாரை முழு நீளத்துக்கும் நகலெடுத்துப் பரப்பி, குறிகளைப் பார்த்துக் கழித்துக்கொண்டே வாருங்கள். முதல் முப்பத்திரண்டு பாரில் பேஸ் வேண்டாம், நீக்கு. நடுவில் கிக் வேண்டாம், நீக்கு. சேர்ப்பதைவிட நீக்குவது சீக்கிரம் நடக்கும். கடைசியில் அந்த மாதிரிப் பாட்டை அழித்துவிடுங்கள். எலும்புக்கூடு இரவல்தான், ஆனால் எந்தப் பாட்டுக்குத்தான் எலும்புக்கூடு சொந்தம்?

முதல் பாட்டு சகிக்காது. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் ஏதோ ஒரு இடம், ஒரு நாலு பார், 'இதை நானா செய்தேன்' என்று நிமிர்ந்து உட்கார வைக்கும். அந்த நாலு பார் லூப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் கிடைத்திருக்காது.

கருவி வாங்குவது இலக்கு ஆகாது

பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கும் வரிகள்: நல்ல மானிட்டர் ஸ்பீக்கர், அந்த சிந்த், இந்த பிளக்இன். தீபாவளித் தள்ளுபடிக்கு நாம் காத்திருப்பதுபோல் இந்தத் துறையில் பிளாக் ஃப்ரைடேக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செலவுப் பட்டியலில் எழுதுங்கள், இலக்குப் பட்டியலில் வேண்டாம்.

எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாயா அருள்பிரகாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈழத் தமிழர், யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, லண்டனில் திரைப்படக் கலை படித்தவர். இசைப் படிப்பு இல்லை. அவர் கைக்கு வந்தது ரோலண்டு எம்சி-505 என்ற ஒற்றை குரூவ்பாக்ஸ். டிரம், பேஸ், சீக்வென்சர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். அதை வைத்தே டெமோ பாட்டுகளைக் கட்டினார். அப்படி வந்த 'கலாங்' 2003-ல் முதலில் அச்சானது 500 வினைல் பிரதிகள்தான். 2005-ல் 'அருளர்' ஆல்பம், 2007-ல் 'கலா'. இரண்டாவது ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக் கலைஞர்களோடு பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் கேட்கும் அந்த அதிர்வு நம் ஊர் உறுமிதான். ஒரே ஒரு பெட்டியில்தான் தொடங்கினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

லண்டனின் பரியல் 2007-ல் வெளியிட்ட 'அன்ட்ரூ' ஆல்பத்தை சவுண்ட் ஃபோர்ஜில் செய்ததாகச் சொன்னார். அது ஒலிக்கோப்பை வெட்டி ஒட்டும் எடிட்டர். தாளத்தைக் கட்டத்துக்குள் பூட்டிவைக்கும் சீக்வென்சர் அல்ல. அந்த ஆல்பத்தின் தாளம் சற்றே தள்ளாடித் தள்ளாடி நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டாஃப்ட் பங்க் இருவரும் 1997-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை பாரீஸில் ஒரு வீட்டு அறையில் பதிவு செய்தார்கள். பெயரே 'ஹோம்வொர்க்'.

இதிலிருந்து ஒரு காலாண்டு இலக்கை உருவிக்கொள்ளலாம்: ஒரே ஒரு சிந்த், ஒரே ஒரு டிரம் தொகுப்பு, வேறெதையும் தொடக் கூடாது. அந்த சிந்தில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்கிறது என்று மனப்பாடமாகத் தெரிகிறவரை.

கற்கும் இலக்கு, காட்டும் இலக்கு

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் இலக்கு வைப்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். 'முடிந்ததைச் செய்' என்பதைவிடக் கடினமான, துல்லியமான இலக்கு அதிகம் சாதிக்க வைக்கும் என்பது அவர்களுடைய புகழ்பெற்ற முடிவு. எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு விதிவிலக்கும் அந்த ஆய்வு மரபிலேயே இருக்கிறது: வேலை புதிதாகவும் சிக்கலாகவும் இருக்கும்போது, 'இவ்வளவு சாதிப்பேன்' என்ற இலக்கு காலை வாரலாம், 'இதை எப்படிச் செய்வது என்று கண்டுபிடிப்பேன்' என்ற இலக்கு கைகொடுக்கும். மியூசிக் புரொடக்‌ஷனில் முதல் சில வருஷம் எல்லாமே புதிது, எல்லாமே சிக்கல்.

ஆகவே மாதத்துக்கு ஒரு கற்கும் இலக்கு. அது எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம். 'மிக்ஸிங் கற்றுக்கொள்வேன்' என்று எழுதினால் அது ஆயுள் தண்டனை. 'இந்த மாதம் கிக்கையும் பேஸையும் மோதவிடாமல் வைக்கக் கற்பேன்' என்று எழுதுங்கள். அப்போது தேட வேண்டியது தெளிவாகிறது. கிக்கின் அடிச்சுருதி எங்கே இருக்கிறது, பேஸ்லைன் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது? ஏ1 என்ற ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். உங்கள் கிக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும். கிக்கின் சுருதியை நகர்த்திப் பாருங்கள். சைடுசெயின் போட்டு, கிக் அடிக்கும்போது பேஸைத் தலைகுனிய வையுங்கள். அல்லது கிக் விழும் இடத்தில் பேஸ் ஸ்வரத்தையே எழுதாமல் விடுங்கள். மூன்றிலும் செலவில்லாத வழி இதுதான். மாதக் கடைசியில் மூன்று வழிக்கும் ஒவ்வொரு உதாரணம் கையில் இருந்தால் இலக்கு நிறைவேறியது.

எண்களோடு ஒரு பஞ்சாயத்து

வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் உரையாடல் இது:

"அண்ணா, இந்த வருஷம் ஒரு லட்சம் ஸ்ட்ரீம் தாண்டணும்ணா. அதான் டார்கெட்."

"தாண்டட்டும்பா. அதுக்கு நாளைக்குக் காலையில எந்திரிச்சு என்ன பண்ணுவே?"

"ரீல்ஸ் போடுவேன்ணா."

"எந்தப் பாட்டுக்கு?"

"அது… பாதியில இருக்குண்ணா."

எண் பாவமில்லை. ஆனால் எண்ணை நோக்கிய வேலை எது என்று மறுநாள் காலைக்குச் சொல்ல முடியவில்லை என்றால் அது ஆசை மட்டும்தான். தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள் சில உண்டு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1000 முறை ஓடியிருந்தால்தான் ஒலிப்பதிவு ராயல்டிக் கணக்கில் சேரும். ஆகவே பத்துப் பாட்டுக்குத் தலா 300 ஸ்ட்ரீம் வந்தால் கைக்கு ஒன்றும் வராது. முதல் வருஷம் பத்துப் பாட்டை முடியுங்கள், ஆனால் வெளியிட மூன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதே தளத்தில் பிளேலிஸ்ட் ஆசிரியர்களின் பார்வைக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமானால், வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னதாக அனுப்பச் சொல்கிறார்கள். விநியோக நிறுவனம் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் நேரத்தையும் சேர்த்து, நான்கு வாரம் முன்பே பாட்டை ஏற்றிவிடுவது நல்லது. 'வெள்ளிக்கிழமை ரிலீஸ்' என்று வியாழக்கிழமை ராத்திரி ஏற்றுவது பாட்டை நாமே புதைப்பதற்குச் சமம்.

பேண்ட்கேம்ப் வேறு மாதிரி. டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மீதியில் பணம் கைமாறும் கட்டணம் போக உங்களுக்கு. அங்கே ஐம்பது பேர் காசு கொடுத்து வாங்கினால் அது அர்த்தமுள்ள எண். அந்த ஐம்பது பேரும் அடுத்த ஆல்பத்துக்கும் வருவார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் ஐபிஆர்எஸ் உறுப்பினராவதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 1969-ல் தொடங்கிய இந்தச் சங்கம் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் ஆகியோருக்கான ராயல்டியை வசூலிக்கிறது. அலுப்பான காகித வேலை. ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

எண் எவ்வளவு தாமதமாக வரக்கூடும் என்பதற்கு சரண்ஜித் சிங்கைச் சொல்ல வேண்டும். மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்துச் சம்பாதித்தவர். 1982-ல், ரோலண்டின் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். விற்கவில்லை. 2010-ல் ஒரு வெளிநாட்டு நிறுவனம் மறுபதிப்பு செய்தபோது உலகம் திகைத்தது. சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற பெயரில் பின்னர் வந்த ஒலிக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது அது. எழுபது வயதைத் தாண்டி அவர் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை வாசித்தார். 2015-ல் காலமானார். காத்திருந்தால் புகழ் வரும் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வராமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நான் பார்ப்பது வேறு. ஸ்டுடியோ வாசிப்பு வீட்டை நடத்தியது, அதனால் இந்த ஆல்பம் சம்பாதித்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் தாளிலும் இரண்டு பத்தி இருக்கட்டும்: வருமானத்துக்கானது இடப்பக்கம், உங்களுக்கானது வலப்பக்கம். "இதுல எவ்வளவுடா வருது?" என்று அப்பா கேட்டால் இடப்பக்கத்தைக் காட்டுங்கள்.

செய்ய மாட்டேன் என்பதும் இலக்குதான்

ஸ்வீடனின் அவிச்சி இருபத்தோரு, இருபத்திரண்டு வயதில் 'லெவல்ஸ்' பாட்டால் உச்சிக்குப் போனவர். ஓயாத பயணம், குடி, 2012-ல் கணைய அழற்சி, 2014-ல் பித்தப்பையும் குடல்வாலும் அகற்றும் அறுவை சிகிச்சை. 2016-ல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்துகிறேன் என்று அறிவித்தபோது அவருக்கு வயது 26. 2018 ஏப்ரலில் ஓமானின் மஸ்கட்டில் இறந்தார். ஒரு சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இத்தனை நிகழ்ச்சிக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்ற வரம்பை, அழைப்பு ஒன்றுகூட வராத இன்றே எழுதி வைப்பது எளிது. அழைப்பு குவியும்போது எழுத வராது.

காதுக்கும் வரம்பு எழுதுங்கள். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம். கிளப்பில் 100 சர்வசாதாரணம். காதடைப்பான் இல்லாமல் கிளப்புக்குப் போவதில்லை என்பது உங்கள் தாளில் இருக்க வேண்டிய வரி. வீட்டில் மிக்ஸ் செய்யும்போது, பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேச முடிகிற சத்தத்தில் வேலை செய்யுங்கள். மிக்ஸும் நன்றாக வரும், கீழ் வீட்டுக்காரரும் மேலே வர மாட்டார்.

நேரக் கணக்கில் பொய் வேண்டாம். வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிறு முற்பகல் கிடைத்தால் பெரிது. கல்லூரி மாணவருக்குத் தேர்வு மாதத்தில் பூஜ்யம். கல்யாண சீசனில் வெட்டிங் டிஜே வேலைக்குப் போகிறவர் அந்த முகூர்த்த மாதங்களில் பாட்டு முடிப்பேன் என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. வருமானப் பத்தியை நிரப்பிக்கொள்ளட்டும், ஆடியிலும் மார்கழியிலும் உட்காரட்டும்.

இப்போது ஒரு தாளை எடுங்கள். மேலே வேலையின் பெயர். கீழே மூன்று மாதத்தின் நான்கு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. அதன் கீழே மாதத்துக்கொரு கற்கும் இலக்கு. ஓரத்தில் இரண்டு 'மாட்டேன்'. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் அடித்துச் சுருக்குங்கள். மாதக் கடைசி ஞாயிறன்று தாளை எடுத்து, நடந்ததற்கு டிக் போடுங்கள். தேதி தவறியதை அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றுங்கள். ஒரே வரி இரண்டு முறை தள்ளிப்போயிருந்தால் அதைப் பாதியாக வெட்டி எழுதுங்கள்: ஆறு நிமிடப் பாட்டு மூன்று நிமிடமாகட்டும், நான்கு பாட்டு இரண்டாகட்டும். மூன்றாம் முறையும் தள்ளிப்போனால் முதல் வரிக்குப் போய், அங்கே எழுதியிருக்கும் வேலை உண்மையில் உங்களுக்கு வேண்டியதுதானா என்று பாருங்கள்.